ஏழு நாளில் மூடும் காயம்

எங்கள் ஆய்வு மையத்தில் நான் செய்யும் பொருளைக் கையில் கொடுத்தால் யாருக்கும் பெரிதாக ஒன்றும் தோன்றாது. கோட்டுப் பொத்தான் அளவில், வெள்ளையாக, பழைய தலையணையிலிருந்து பிய்த்தெடுத்த பஞ்சு போல இருக்கும். இறால் ஓட்டிலிருந்து பிரிக்கும் ஒரு பொருளையும் ஜெலட்டினையும் கரைத்து, அச்சில் ஊற்றி, உறையவைத்து, உறைந்த நிலையிலேயே ஈரத்தை இழுத்துவிட்டால் இந்தப் பஞ்சு மிஞ்சும். உள்ளே கண்ணுக்குத் தெரியாத ஓட்டைகள். காயத்தின் மேல் வைத்தால் சுற்றியுள்ள செல்கள் அந்த ஓட்டைகளுக்குள் நகர்ந்து வந்து குடியேறும். பஞ்சு மெல்லக் கரையும். அது இருந்த இடத்தில் புதுத் தோல் இருக்கும். இதுதான் என் பிஎச்டி. ஐந்து வருடமாக இதைத்தான் செய்கிறேன்.

அம்மா பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு கார்மெண்ட்ஸில் ஹெல்பராக இருந்தாள். அப்பா நான் ஒன்பதாவது படிக்கும்போது இறந்துவிட்டார். இரண்டு பேருக்குமே கைநாட்டுதான். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்கு முறையாகப் போனவன் நான்தான் முதல்; அதற்கப்புறம் நிறுத்தாமல் போய்க்கொண்டே இருந்தேன்.

அம்மாவின் வேலையை அம்மா ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள். தைத்து வரும் சட்டைகளில் நூல் வெட்டுவது, பண்டல் தூக்குவது, ஊசி உடைந்தால் தேடுவது. இந்தக் கடைசி வேலையில் அவளுக்கு ஒரு பெருமை உண்டு. மிஷினில் ஊசி உடைந்தால் உடைந்த துண்டுகள் எல்லாவற்றையும் பொறுக்கி வந்து, ஒன்றோடொன்று சேர்த்து, முழு ஊசியாக ஒரு நோட்டில் டேப் போட்டு ஒட்ட வேண்டும். அப்போதுதான் புது ஊசி கொடுப்பார்கள். ஒரு துண்டு குறைந்தாலும் காந்தத்தை எடுத்துக்கொண்டு தரையில் தவழ வேண்டும்.

"அது கெடைக்கிற வரைக்கும் லைன் ஓடாது, சூப்பர்வைசர் குதிச்சாலும் ஓடாது. எவனோ போட்டுக்கப் போற சட்டை. அதுல ஊசி மொனை போயிடக் கூடாதில்ல?" என்பாள்.

என் வேலையைத்தான் என்னால் அப்படிச் சொல்ல முடிந்ததில்லை.

"காலேஜ்ல இன்னாடா பண்ற?"

"ஆராய்ச்சிம்மா."

"அது தெரியுது. காலைல போனா இன்னா பண்ணுவ? உக்காந்துக்கினா, நின்னுக்கினா?"

"ரெண்டும்."

"பெரிய வேலைதான்," என்று சிரிப்பாள்.

வருடத்துக்கு ஒரு நாள் எங்கள் வளாகத்தை எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். ஓபன் டே. பள்ளிப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். ஒவ்வொரு லேபும் வாசலில் ஒரு மேசை போட்டு, போஸ்டர் ஒட்டி, ஏதாவது வேடிக்கை காட்ட வேண்டும். சென்ற வருடம் எங்கள் மேசை என் பொறுப்பு. அம்மாவை வரச் சொன்னேன். மூன்று வருடம் கூப்பிடாதவன் அந்த வருடம்தான் கூப்பிட்டேன். அப்போதுதான் பஞ்சு வைத்துச் சோதித்த எலிகளின் காயங்கள் நன்றாக மூடியிருந்தன. காட்ட என்னிடம் ஏதோ இருந்தது.

அம்மா தன் லைனில் கூட வேலை செய்யும் அக்காவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு வந்தாள். இரண்டு பேரும் ஒரு நாள் ரஜா போட்டிருந்தார்கள். அம்மா எப்போதும் ரப்பர் செருப்புதான். அன்று முன்னும் பின்னும் வார் வைத்த புதுச் செருப்பு போட்டிருந்தாள்.

"பெரிய படிப்பு படிக்கிற எடத்துக்கு ரப்பர் செருப்புலயா வர்றது?" என்றாள், நான் பார்ப்பதைப் பார்த்து.

கேட்டிலிருந்து எங்கள் கட்டடம் நல்ல தூரம். மரத்தடியிலேயே நடந்து வந்தோம். இது லைப்ரரி, இது கேன்டீன் என்று நான் சொல்லிக்கொண்டே வந்தேன். வந்து சேர்ந்ததும் அம்மாவை ஸ்டூலில் உட்காரவைத்தேன். வலது காலில், சுண்டுவிரலுக்குப் பக்கத்தில், வார் அழுத்திய இடம் சிவந்து தோல் உரிந்திருந்தது.

"வலிக்குதாம்மா?"

"எனக்கா? ஒண்ணும் தெரியல."

எனக்கு நிம்மதியாக இருந்தது. அம்மாவுக்குச் சக்கரை வியாதி வந்து ஒன்பது வருடம். சக்கரை நோயாளிகளின் பாதத்தில் உணர்வு மங்கிவிடும், அதனால் காயம் பட்டதே அவர்களுக்குத் தெரியாது. இது என் ஆய்வறிக்கையின் முதல் அத்தியாயத்தில் முதல் பத்தியில் இருக்கிறது. நான் எழுதிய வாக்கியம்தான். அம்மா வலி இல்லை என்றதும் நிம்மதியடைந்தவனும் நான்தான்.

மேசையின் மேல் ஒரு தட்டில் தோல் துண்டு ஒன்றைப் பரப்பி, அதன் மேல் பஞ்சை ஒட்டி, தண்ணீரில் முக்கி எடுத்துக் காட்டுவேன். பஞ்சு விடாது. பிள்ளைகள் ஓ என்பார்கள்.

"அது யாரு தோலு?" அம்மா கேட்டாள்.

"பன்னித் தோல்மா. கறிக்கடையில வாங்கினது."

"அய்ய! இந்தப் பக்கம் தள்ளாத." அப்புறம் கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "இந்தப் பஞ்சு எதுல செய்யறது?"

"இறால் ஓட்டுல."

"கேட்டியாடி? நாம குப்பையில கொட்டறத எடுத்தாந்து இவங்க தோலு செய்றாங்களாம்."

அக்கா போஸ்டரில் இருந்த படங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். முதல் படத்தில் வட்டமான சிவந்த காயம், கடைசிப் படத்தில் ஒரு கோடு மட்டும். "இது இன்னாத்துக்குத் தம்பி?"

"புண்ணு மேல வெச்சா ஏழு நாள்ல மூடிடும்க்கா."

போஸ்டரிலும் அதுதான் பெரிய எழுத்தில் இருந்தது. ஏழு நாளில் மூடும் காயம். அதற்குக் கீழே, கொஞ்சம் சின்ன எழுத்தில், ஆரோக்கியமான இளம் எலிகளில் என்று இருந்தது. காலையிலிருந்து வந்தவர்களுக்கெல்லாம் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் எலியைச் சேர்த்துத்தான் சொன்னேன். அம்மாவிடமும் அக்காவிடமும் சொல்லவில்லை. மறந்தேன் என்று சொல்ல முடியாது. இருபது வருடம் படித்துவிட்டு எலிக்குக் கட்டுப் போடுகிறேன் என்று அம்மாவின் சிநேகிதி முன்னால் சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

"எங்க மாமியாருக்கு ஏழு மாசமா ஆறலயே, இத குடுத்தா ஆவாதா?" என்றாள் அக்கா.

"இன்னும் ஆஸ்பத்திரிக்கு வரலக்கா. கிட்ட வந்துட்டோம்."

அது என் வாக்கியமில்லை. மையத்தைப் பார்க்க வரும் பெரியவர்களிடம் எங்கள் பேராசிரியர் சொல்வது: மிக அருகில் வந்துவிட்டோம். அந்த அருகில் என்பது எத்தனை வருடம் என்று உள்ளே இருக்கும் எங்களுக்குத் தெரியும். எலிக்கு அப்புறம் பெரிய விலங்கு, அதற்கப்புறம் அனுமதிகள், அதற்கப்புறம் மனிதர்கள். பத்து வருடத்தில் வந்தால் அதிர்ஷ்டம்.

அம்மா கிளம்பும்போது போஸ்டரைக் கையால் தொட்டுப் பார்த்தாள். துணியின் தரம் பார்ப்பதுபோல இரண்டு விரலால்.

நான் ஹாஸ்டலில் இருப்பவன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வீட்டுக்குப் போவேன். வீடு என்பது ஒரே அறை; நான் குறுக்கே படுத்தால் கால் சுவரில் இடிக்கும். அதற்கடுத்த ஞாயிறுகளில் அம்மா புடவையைக் கால் மூடி இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். சாப்பாடு போட எழுந்திருக்காமல், உட்கார்ந்த இடத்திலிருந்தே சட்டியை நகர்த்தினாள். வயதாகிறது என்று நினைத்தேன்.

"உங்க பஞ்சு ஆஸ்பத்திரிக்கு வந்துட்ச்சா?" என்று கேட்டாள், மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ.

"வந்துரும்மா. இன்னும் கொஞ்சந்தான்."

"கொஞ்சம்னா?"

"கொஞ்சம்னா கொஞ்சம். ஏன், அந்த அக்கா மாமியாருக்கா?"

"ஆங். அவளுக்குத்தான்."

அப்போது எங்கள் கட்டுரை ஒன்று திருத்தத்துக்குத் திரும்பி வந்திருந்தது. இன்னொரு பன்னிரண்டு எலிகளில் செய்து காட்டுங்கள் என்று கேட்டிருந்தார்கள். மறுபடி பன்னிரண்டு எலிகள். ஒரு நாள் விட்டு ஒரு நாள், ஒவ்வொரு எலியையும் தூக்கி, காயத்தின் மேல் கண்ணாடித் தாளை வைத்து, விளிம்பைப் பேனாவால் வரைந்து, பரப்பளவு எடுப்பேன். ஒரு மில்லிமீட்டர் விடமாட்டேன். ஞாயிறுகளில் அந்த ஒற்றை அறையில் ஏதோ ஒரு வாடை அடித்தது. பின்னால் ஓடும் சாக்கடை என்று ஜன்னலைச் சாத்தினேன்.

இரண்டு மாதம் இப்படிப் போயிற்று.

ஒரு புதன்கிழமை விலங்குக்கூடத்திலிருந்து வெளியே வந்து லாக்கரைத் திறந்தேன். போனில் அக்காவிடமிருந்து பத்துப் பன்னிரண்டு அழைப்புகள். திருப்பிக் கூப்பிட்டேன்.

"தம்பி, உங்கம்மா காலை நீ பாத்தியா?"

"ஏன்க்கா?"

"பாத்தியா இல்லையா, அத சொல்லு."

அப்புறம் அக்காவே நடந்ததைச் சொன்னாள்.

கார்மெண்ட்ஸில் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் உள்ளே போவார்கள். அன்று அம்மா நின்ற இடத்தில் தரை ஈரமாக இருந்ததைப் பார்த்து யாரோ தண்ணீர் கொட்டிவிட்டது என்று துடைக்க வந்திருக்கிறார்கள். தண்ணீர் இல்லை. கட்டிங்கில் மிஞ்சும் துண்டுத் துணிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சுற்றி, அதன் மேல் என் பழைய காலுறையைப் போட்டு, இரண்டு மாதமாக அம்மா அந்தக் காலில்தான் காலையிலிருந்து சாயங்காலம்வரை நின்றிருக்கிறாள். அவிழ்த்த அக்கா ஒரு ஓரமாகப் போய் வாந்தியெடுத்தாளாம்.

நான் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது அம்மாவை ஒரு ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்திருந்தார்கள். பாதத்தைப் பார்த்தேன். விரல்கள் கறுத்திருந்தன. எனக்கு அந்த நிறத்தின் பெயர் தெரியும், அது எப்படி வருகிறது, அடுத்து எங்கே ஏறும் என்பதும் தெரியும். அந்த அறிவெல்லாம் அந்த இடத்தில் ஒரு பயனும் இல்லாமல் வரிசையாக வந்து நின்றது.

டாக்டர் என்னைவிடக் கொஞ்சம் பெரியவராக இருப்பார். "எஷ்டு தின ஆய்த்தம்மா?" என்றார். எத்தனை நாளாச்சு என்று அவர் கன்னடத்தில் கேட்டதற்கு அம்மா இரண்டு விரலைக் காட்டினாள். இரண்டு நாளா என்றார். இல்லை, மாதம் என்றாள்.

"இவ்வளவு நாள் எதுக்கு வராம இருந்தீங்க?"

அம்மாவுக்கு ஜுரம். கண் பளபளத்தது. ஆனால் அந்தப் பதிலை அவள் தயாராக வைத்திருந்தாள். அரைகுறைக் கன்னடமும் தமிழுமாக, என்னைக் கையால் காட்டி, "நம்ம பையனே இதக்கே மருந்து மாட்தானே, இதுக்குத்தான் மருந்து செய்றான். ஏழே நாள்ல மூடிடும். கிட்ட வந்துட்சி. அது வர்ற வரைக்கும் பாக்கலாம்னு இருந்தேன்," என்றாள்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். கழுத்தில் என் அடையாள அட்டை தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்து வந்திருந்தேன். அதைப் படித்தார். என்ன ஆராய்ச்சி என்று ஆங்கிலத்தில் கேட்டார். காயம் ஆறுவதில் என்றேன். அவர் மறுபடி அம்மாவின் காலைப் பார்த்தார். ஏதாவது சொல்லியிருக்கலாம்.

ரத்தக் குழாயைப் பரிசோதித்துவிட்டு, முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டும், நாளை மறுநாளுக்கு மேல் தள்ள முடியாது என்றார்கள். அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். அவர்கள் போனதும் என் கையைப் பிடித்தாள்.

"டேய், உங்க சார்கிட்ட கேளுடா. ஒரே ஒரு துண்டு. சின்னதா இருந்தாலும் பரவால்ல."

இல்லை என்று சொல்ல அது கடைசி வாய்ப்பு. "கேக்கறம்மா," என்றேன்.

கேட்கவும் செய்தேன். மறுநாள் காலை எங்கள் பேராசிரியர் அறைக்குப் போய் நின்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மனித உடம்பில் வைக்க நமக்கு அனுமதி இல்லை, உனக்கே தெரியும் என்றார். தெரியும் என்றேன். அனுமதி இருந்தாலும் ரத்தம் போகாத காலில் நம்முடையது எதுவும் செய்யாது, அதுவும் தெரியுமில்லையா என்றார். தெரியும் என்றேன். "பிறகு எதற்குக் கேட்கிறாய்?" என்று அதட்டாமல்தான் கேட்டார். கேட்டேன் என்று அம்மாவிடம் சொல்ல வேண்டும் என்றேன். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். ஆஸ்பத்திரியில் தனக்குத் தெரிந்த ஒருவருக்குப் போன் செய்தார். மேசை மேல் கண்ணாடிக் குப்பியில் என் பஞ்சு ஒன்று கிடந்தது. விருந்தாளிகளுக்குக் காட்டுவதற்காக வைத்திருப்பது.

சம்மதப் படிவத்தில் நான்தான் கையெழுத்துப் போட்டேன். அம்மாவுக்கு ஒவ்வொரு வரியாகப் படித்துச் சொன்னேன். ஒரு வார்த்தை விடவில்லை. அம்மா பெருவிரலை நீட்டினாள். மை தடவியதும் பதித்தாள்.

அறுவைக்கு அப்புறம் அக்கா பார்க்க வந்தாள். வாயைப் பொத்திக்கொண்டு அழுதவளை அம்மாதான் தேற்றினாள். "அழுவாதடி. செருப்பு விடற ஸ்டாண்டுல எடம் இல்ல, எடம் இல்லன்னு தெனம் சண்டை போடுவியே. இனிமே எனக்கு பாதி எடம் போதும்."

அக்கா சிரித்துவிட்டாள். சிரித்ததற்காக மறுபடி அழுதாள்.

வீட்டுக்குக் கூட்டிவந்து மூன்று வாரம் ஆகியும் நான் எலி விஷயத்தைச் சொல்லவில்லை. ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு அம்மாவோடு தங்கி, அங்கிருந்தே லேபுக்குப் போய் வந்தேன். கட்டுத் துணியை நான்தான் மாற்றினேன். எலிகளுக்குச் செய்த கை என்பதால் வேகமாக, சுத்தமாக வரும். டாக்டரே மெச்சினார். தையல் நன்றாக ஆறிக்கொண்டிருந்தது.

ஒரு ஞாயிறு மத்தியானம் கட்டு மாற்றும்போது அம்மா என் தலையைப் பார்த்தபடி கேட்டாள். "சாரு குடுக்கமாட்டேன்னுட்டாரா?"

"இல்லம்மா. அது அவர் குடுக்கறதும் குடுக்காததும் இல்ல."

"பின்ன?"

"அது எலிக்கும்மா."

"எது?"

"ஏழு நாள்ல மூடினது. எலிக்குத்தான் மூடிச்சு. மனுசங்களுக்கு இன்னும் வெச்சே பாக்கல. அது வர பத்து வருசம் ஆவும். வராமயும் போவலாம்."

நான் காலின் நுனியைப் பிடித்தபடியே இருந்தேன். வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள், கிளம்பவில்லை.

"எலின்னு ஒரு வார்த்தைதானடா," என்றாள் கடைசியில். குரலில் கோபம் இல்லை. ஊசித் துண்டு ஒன்று குறைந்தால் எங்கே விழுந்திருக்கும் என்று யோசிப்பாளே, அந்த முகம். "அன்னைக்கே சொல்லியிருந்தா நான் இன்னா, அந்த வேல வேணாம்னு சொல்லியிருப்பனா?"

"தப்பும்மா."

"எலிக்கு நெசமாவே மூடிச்சா?"

"நெசமா."

"ஏழு நாள்ல?"

"ஏழு நாள்ல."

"ம்." கொஞ்சம் நகர்ந்து சுவரில் சாய்ந்துகொண்டாள். "அப்புறம் அதுங்கள இன்னா பண்ணீங்க? வெளிய உட்டுட்டீங்களா?"

கட்டுத் துணியின் முனையைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். இனி ஒரு வார்த்தையையும் விடுவதில்லை என்று முடிவு செய்திருந்தேன்.

"இல்லம்மா. ஆறின தோலை எடுத்து, உள்ள எப்படி வளந்திருக்குன்னு பாக்கணும். அதுக்காக மருந்து குடுத்து... சாவடிச்சிடுவோம். வலி இருக்காது."

"ஆறினதுக்கு அப்புறமா?"

"ஆறினதுக்கு அப்புறம்."

"எத்தினி?"

"மொதல்ல பன்னெண்டு. அப்புறம் ஒரு பன்னெண்டு."

நான் கட்டி முடித்தேன். அம்மா போர்வையை எடுத்து, கால் முடியும் இடத்தில் தானே மடித்துச் செருகிக்கொண்டாள்.

"எலின்றது அந்தப் பெரிய பேப்பர்ல எழுதியிருந்துச்சா? நான் தொட்டுப் பாத்தனே, அதுல?"

"இருந்துச்சும்மா."

"எங்க?"

"கீழ. சின்ன எழுத்துல."

அம்மா தலையாட்டினாள்.

"எனக்குப் பெரிய எழுத்தே தெரியாதேடா," என்றாள்.